வயிற்றுக்குள் கேமரா: எதைக் காட்டும், எதைக் காட்டாது

எண்டோஸ்கோப்பி முடித்து வெளியே வருகிறவர் கையில் ஒரு தாள் இருக்கும். சில வண்ணப் படங்கள், கீழே நாலைந்து வரிகள். நம் ஊர்களில் அந்த வரிகளில் அதிகம் தட்டுப்படுவது ‘ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சவ்வு சிவந்திருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அப்படி எழுதுகிறார்கள். வீட்டில் விசாரித்தால் “வயித்துல புண்ணாம்” என்று பதில் வரும். புண் வேறு, சிவப்பு வேறு. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்த இடத்தில் சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சியே இல்லாமல் இருப்பதுண்டு. நல்ல நிறத்தில் தெரிந்த இடத்தில் அழற்சி இருப்பதும் உண்டு. வந்தவருக்குச் சாப்பிட்டதும் வயிறு கனக்கிறது என்றால், அந்தக் கனத்துக்கும் இந்தச் சிவப்புக்கும் தொடர்பிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகிய மூன்றின் உட்புறத்தைப் பார்க்க எண்டோஸ்கோப்பியை மிஞ்சிய சோதனை இன்று கிடையாது. அதே சமயம், வயிற்றில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதிக்கு அதில் விடை கிடைக்காது. இரண்டும் உண்மை. நம்மிடையே முதல் உண்மை நன்றாகப் பரவியிருக்கிறது, இரண்டாவது பரவவில்லை. அதனால் தேவையில்லாதவர்களுக்கு அடிக்கடியும், தேவையானவர்களுக்குத் தாமதமாகவும் இந்தச் சோதனை நடக்கிறது என்பது என் கணிப்பு.

இந்தச் சோதனையின் கதை 1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் தொடங்குகிறது. அடோல்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைப் பிடித்து, 47 சென்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள நேரான உலோகக் குழாயை அவர் தொண்டை வழியே இறக்கினார். குழாய் போய்விட்டது, வெளிச்சம் போதவில்லை. இரைப்பையில் தேங்கிய நீரும் மறைத்தது. அடுத்த அறுபது ஆண்டுகளில் பலர் முயன்றும் வளையாத குழாயால் உணவுக்குழாயைக் கிழிக்கும் அபாயம் நீங்கவில்லை. 1932-ல் ருடால்ஃப் ஷிண்ட்லர், கருவி செய்பவரான கியார்க் வோல்ஃபுடன் சேர்ந்து, நுனிப்பகுதி ஓரளவு வளையும் கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் இது மருத்துவமனைக்குள் நுழைந்தது. அதற்குள்ளும் வரிசையாக லென்ஸ்கள்தான் இருந்தன. இரைப்பையில் பார்க்க முடியாத மூலைகள் நிறைய.

உண்மையான மாற்றம் கண்ணாடி இழையில் வந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய பேராசிரியர் ஹரால்ட் ஹாப்கின்ஸும், இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று லண்டனில் காட்டி, 1954-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ். அப்போது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வெறும் இழைகளைக் கட்டாக வைத்தால் ஒன்றின் ஒளி இன்னொன்றுக்குள் கசிந்து படம் கலங்கியது. அங்கே படித்துக்கொண்டிருந்த லாரி கர்ட்டிஸ் என்ற இளைஞர், ஓர் இழையின் மேல் வேறு வகைக் கண்ணாடியை உறையாகப் போர்த்தி இழுத்து 1956 டிசம்பரில் அதைத் தீர்த்தார். 1957 தொடக்கத்தில் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் குழாயை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். சில நாள் கழித்து நோயாளிக்குச் செலுத்தினார். இன்று இணையத்தைச் சுமந்து கடலடியில் கிடக்கும் கம்பிகளிலும் உறை போர்த்திய கண்ணாடி இழைதான் இருக்கிறது. அதன் முதல் வேலைகளில் ஒன்று வயிற்றைப் பார்ப்பது. 1983-ல் குழாயின் நுனியிலேயே மின்னணுக் கேமரா வந்தது. அதுவரை மருத்துவர் ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்ததை, அறையில் இருக்கிற எல்லோரும் திரையில் பார்க்கத் தொடங்கினார்கள்.

சோதனைக்குப் போகிறவர் ஆறு மணி நேரம் திட உணவு இல்லாமல் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். தொண்டையில் லிக்னோகெய்ன் ஸ்பிரே அடிப்பார்கள். கசக்கும், நாக்கு தடிக்கும். இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கச் சொல்வார்கள். குழாய் சுமார் ஒரு மீட்டர் நீளம், பத்து மில்லிமீட்டருக்கும் சற்று மெலிது. அதன் மேல் சென்டிமீட்டர் கோடுகள் உண்டு. முன்பற்களிலிருந்து ஏறத்தாழ 15-ல் உணவுக்குழாயின் வாய், 40-ல் அது இரைப்பையில் சேரும் இடம். அங்கே உணவுக்குழாயின் வெளிறிய சவ்வும் இரைப்பையின் செந்நிறச் சவ்வும் கோணல்மாணலான ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோடு மேலே ஏறியிருந்தால் பாரட் என்னும் மாற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும். நீண்டகால அமில எதுக்களிப்பால் உணவுக்குழாயின் சவ்வு குடல் சவ்வைப் போல மாறிவிடும் நிலை அது, சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய படி. பிறகு இரைப்பைக்குள் காற்றை ஊதி மடிப்புகளை விரிக்கிறார்கள். ஏப்பம் வருவது அதனால்தான். ஏப்பத்தை அடக்கினால்தான் மடிப்பு விரியும், மடிப்பு விரிந்தால்தான் ஒளிந்திருப்பது தெரியும். முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதிவரை போய்த் திரும்பும்போது குழாயின் நுனியை அப்படியே மேல்நோக்கி மடக்கி, தான் நுழைந்த வாசலையே கீழிருந்து பார்க்கிறார்கள். இந்த மடக்கலைச் செய்யாமல் விட்டால் இரைப்பையின் மேல்மூலை பார்வைக்கே வராது.

குழாயின் பெருமை அதிகம் வெளிப்படுவது ரத்த வாந்தியில். ரத்த வாந்தி எடுத்தோ, தார் போலக் கருத்த மலம் போயோ வருகிறவருக்கு ரத்தம் எங்கிருந்து கசிகிறது என்று சொல்வதோடு, அதே நேரத்தில் ஊசி போட்டு, கிளிப் மாட்டி, ரப்பர் வளையம் போட்டு நிறுத்தவும் முடிகிறது. ரத்தம் கசியும் புண்களுக்கு 1974-ல் எடின்பரோவிலிருந்து ஃபாரஸ்ட் என்பவரின் குழு வகுத்த தரவரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. புண்ணிலிருந்து ரத்தம் பீய்ச்சினால் ஒன்று-ஏ. அடி சுத்தமாக இருந்தால் மூன்று. ரத்தம் நின்றிருந்தாலும் புண்ணின் அடியில் ரத்தக்குழாய் முளை போலத் துருத்திக்கொண்டிருந்தால், சிகிச்சை செய்யாமல் விட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி ரத்தம் வரும். அடி சுத்தமான புண்ணுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பதா, சாப்பாடு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அந்தச் சில மில்லிமீட்டர் காட்சி முடிவு செய்கிறது.

உடனே குழாயை விட வேண்டும் என்று உறவினர்கள் பதறுவது இயல்பு. ஹாங்காங்கில் ஜேம்ஸ் லாவ் குழுவினர், உயிராபத்து அதிகம் எனக் கணிக்கப்பட்ட 516 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறு மணி நேரத்துக்குள்ளும் இன்னொன்றுக்கு ஆறிலிருந்து 24 மணி நேரத்துக்குள்ளும் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, முப்பது நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 6.6 சதவீதம். அவசரப்பட்டதால் லாபமில்லை. முதலில் சலைனும் ரத்தமும் ஏற்றி, ரத்த அழுத்தத்தை நிமிர்த்திவிட்டுக் குழாயை விடுவதே முறை. குடியாலோ மஞ்சள் காமாலை வைரஸாலோ கல்லீரல் சுருங்கியவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம் என்பதால் நிலைப்படுத்திய பின் 12 மணி நேரத்துக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளின் இரவு நேர ரத்த வாந்திகளில் கணிசமானவை இந்த இரண்டாவது வகை என்பதை அங்கே வேலை பார்த்தவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அல்சர். தென்னிந்தியாவுக்கும் முன்சிறுகுடல் புண்ணுக்கும் பழைய உறவு. மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் தென்பகுதியில் இந்தப் புண் அதிகமாகவும் கோதுமை உண்ணும் பஞ்சாப் பக்கம் குறைவாகவும் இருப்பதை வரைபடம் போட்டுக் காட்டினார். காரணம் அரிசியா வேறெதுவா என்ற வாதம் முடியவில்லை. புண் ஆறி ஆறித் தழும்பாகி இரைப்பையின் கீழ்வாசல் அடைத்துக்கொள்ள, முந்தைய நாள் சாப்பிட்ட சோற்றை அப்படியே வாந்தி எடுத்து வந்தவர்களுக்கு நரம்பை வெட்டி மாற்றுப்பாதை போடும் அறுவை சிகிச்சை அந்தக் காலத்தில் இங்கே அன்றாட வேலை. இன்று பயிற்சி மருத்துவர்கள் அதைப் பார்ப்பதே அரிது.

அதை அரிதாக்கியதில் எண்டோஸ்கோப்பிக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறியல் நிபுணர், குழாய் வழியே எடுத்த சதைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகளைத் தொடர்ந்து பார்த்தார். அவருடன் சேர்ந்த மருத்துவர் பேரி மார்ஷல் அவற்றை வளர்க்க முயன்றார்; தட்டுகளில் எதுவும் முளைக்கவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் வழக்கமான இரண்டு நாளுக்குப் பதில் ஐந்து நாள் தட்டுகள் அப்படியே கிடந்தன. கிருமி வளர்ந்திருந்தது. 1984-ல் மார்ஷல் தன் இரைப்பை நலமாக இருப்பதை எண்டோஸ்கோப்பியில் உறுதி செய்துகொண்டு, கிருமிக் கரைசலைக் குடித்தார். சில நாளில் வாந்தி. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ‘டென்ஷன், காரம், பட்டினி’ என்று நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் காரணங்களைப் பின்னுக்குத் தள்ளி, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும் முன்னால் வந்தன.

இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை எண்டோஸ்கோப்பி அறையிலேயே நடக்கிறது. அரிசி மணியைவிடச் சிறிய துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்து அம்மோனியா விடும், ஜெல் இளஞ்சிவப்பாக மாறும். எளிமையான சோதனைதான்; ஆனால் அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் வகை மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் ஜெல் மஞ்சளாகவே நிற்கும். மளிகைச் சாமான் போல மாதாமாதம் பான்டாப்ரசோல் வாங்கும் ஊரில் எத்தனை ‘நெகட்டிவ்’ முடிவுகளை நம்புவது? மறுபக்கம், ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலும் அலற வேண்டியதில்லை. ஜப்பானில் உவேமுரா குழுவினர் 1,526 பேரை எண்டோஸ்கோப்பி மூலம் சராசரியாக எட்டாண்டு அளவுக்குப் பின்தொடர்ந்ததில், கிருமி இருந்த 1,246 பேரில் 2.9 சதவீதத்தினருக்கு இரைப்பைப் புற்று வந்தது; கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இந்தியாவில் வயது வந்தவர்களில் பெரும்பகுதியினரிடம் கிருமி உண்டு, ஆனால் அந்த அளவுக்குப் புற்று இல்லை. ஏன் என்பது ஆய்வாளர்களுக்கே புதிராக இருக்கிறது.

நம் நாடு இந்தத் துறைக்குக் கொடுத்த ஒன்றைப் பலர் அறிவதில்லை. கழிவறை கழுவும் அமிலத்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களை எண்டோஸ்கோப்பியால் தரம் பிரிக்கும் முறை உலகெங்கும் ஜர்கார் என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்திலிருந்து 1991-ல் வந்த முறை அது. சவ்வு சிவந்து வீங்கியிருந்தால் ஒன்று, மேலோட்டமான புண் இரண்டு-ஏ, ஆழமாகவோ சுற்றிலுமோ புண் இரண்டு-பி, கருகிய இடங்கள் மூன்று. இரண்டு-ஏ வரை உள்ளவர்கள் பெரும்பாலும் தழும்பின்றித் தேறுகிறார்கள். இரண்டு-பி-யும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பலருக்குச் சில வாரங்களில் உணவுக்குழாயோ இரைப்பையின் கீழ்வாசலோ சுருங்கி அடைத்துக்கொள்ளும். விரிவாக்க மறுபடி மறுபடி வர வேண்டும். எனவே முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சில வாரங்களுக்குச் சுவர் நைந்து கிடக்கும், அப்போது குழாய் விட்டால் ஓட்டை விழலாம். குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் புகட்டினால் சுட்ட இடத்தையே அமிலம் இரண்டாம் முறை சுடும். கிராமத்தில் இன்றும் முதலில் நடப்பது அதுதான்.

புற்றுநோய்க்கு வருவோம். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் பதிவேட்டில் இரைப்பைப் புற்று பல பத்தாண்டுகளாக ஆண்களிடம் முன்வரிசையில் இருந்துவருகிறது. ஜப்பானில் கண்டுபிடிக்கப்படும் இரைப்பைப் புற்றில் பாதிக்கு மேல் ஆரம்ப நிலையிலேயே சிக்குகிறது. கொரியா நாற்பது வயதிலிருந்தும், ஜப்பான் 2016 முதல் ஐம்பது வயதிலிருந்தும் இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்ய வழிவகுத்திருக்கின்றன. நமக்கு அப்படியொரு திட்டம் கட்டுப்படியாகுமா என்று கேட்டால், ஆகாது என்றே சொல்வேன். நோயின் விகிதமும் அந்த அளவுக்கு இல்லை, திறமையாகப் பார்க்கும் கைகளும் அவ்வளவு இல்லை. ஆனால் அடையாளம் தெரிந்தவர்களையாவது உடனே அனுப்பலாம். இட்லி இறங்கவில்லை, பிறகு கஞ்சி இறங்கவில்லை, கடைசியில் தண்ணீரே இறங்கவில்லை என்று படிப்படியாக வரும் அடைப்பு, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, விடாத வாந்தி, கரும் மலம், நடுத்தர வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை மாற்றிப் பார்ப்பதில் மாதங்களைக் கழிக்கக்கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுப் புண்ணைக்கூட மேலே ஆற வைத்துவிடும். அந்த நேரத்தில் பார்த்தால் சாதாரணப் புண் போலத் தோன்றி ஏமாற்றும்.

ஏமாறுவது எவ்வளவு சாதாரணம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த ஒரு கட்டுரையின்படி, மேல் செரிமானப் பாதைப் புற்று கண்டறியப்பட்டவர்களில் 11.3 சதவீதத்தினர், அதற்கு முந்தைய மூன்றாண்டுக்குள் எண்டோஸ்கோப்பி செய்து, புற்று இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள். கேமரா மோசம் என்பதல்ல காரணம். சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், சராசரியாக ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மருத்துவர்கள், வேகமாக முடித்தவர்களைவிட ஆபத்தான மாற்றங்களை இருமடங்கு கண்டுபிடித்தார்கள். நுரையையும் சளியையும் கழுவிவிட்டுப் பார்ப்பது, நீலமும் பச்சையுமான குறுகிய அலைவரிசை ஒளியில் ரத்தக்குழாய்களின் கோலத்தைப் பார்ப்பது, இரைப்பைப் புண்ணின் விளிம்பில் ஒன்றுக்குப் பல துணுக்குகள் எடுப்பது எல்லாமே நேரம் கேட்கும் வேலை. காலை பத்து மணிக்குள் முப்பது பேரை முடிக்க வேண்டிய அறையில் அந்த நேரம் எங்கிருந்து வரும்? சீனாவின் ஊஹானில், எந்தப் பகுதி இன்னும் பார்க்கப்படவில்லை என்று திரையிலேயே நினைவூட்டும் செயற்கை நுண்ணறிவை வைத்துச் சோதித்தார்கள். பார்க்காமல் விடுபடும் இடங்கள் 22.46 சதவீதத்திலிருந்து 5.86 சதவீதமாகக் குறைந்தன. இயந்திரம் அங்கே புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கத்தான் சொன்னது.

எவ்வளவு நிதானமாகப் பார்த்தாலும் தெரியாதவை தனி. இரைப்பைச் சுவருக்கு அடியில் பரவும் ஒருவகைப் புற்றில் மேற்சவ்வு நன்றாகவே தெரியும். துணுக்கு எடுத்தாலும் பல நேரம் சிக்காது. காற்று ஊதியும் இரைப்பை விரியவில்லை என்பதுதான் சில நேரம் ஒரே தடயம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உணவுக்குழாயில் காயமே இருக்காது. படம் நன்றாக இருந்தும் எதுக்களிப்பு இருக்கும், அதை அளக்க 24 மணி நேர அமிலச் சோதனை வேண்டும். உணவுக்குழாயின் தசை ஒழுங்காகச் சுருங்கி விரியாத அகலேசியா நோயும் தொடக்கத்தில் கண்ணுக்குப் படாது, அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியில்தான் தெரியும். பித்தப்பைக் கல், கணையம் எல்லாம் இந்தக் குழாயின் எல்லைக்கு வெளியே. இதயம் சொல்லவே வேண்டாம்: ‘கேஸ்’ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற ஐம்பது வயதுக்காரருக்கு முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி.

இவை எதுவுமே இல்லாமல் வயிறு உப்பி, சீக்கிரம் நிறைந்து, மேல்வயிறு எரிந்து அவதிப்படுகிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். செரிமானக் கோளாறு என்று எண்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தென்படாது. இதை ஃபங்ஷனல் டிஸ்பெப்ஸியா என்கிறார்கள். கட்டமைப்பில் குறையில்லை, இரைப்பையின் அசைவிலும் நரம்பின் உணர்விலும்தான் கோளாறு. அமெரிக்க, கனடிய சங்கங்களின் 2017 வழிகாட்டுதல், அறுபது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதலில் குழாய் வேண்டாம், மூச்சு அல்லது மலச் சோதனையில் கிருமியைத் தேடி மருந்து கொடுங்கள் என்கிறது. அந்த அறுபது நமக்குப் பொருந்தாது. இங்கே புற்று இளவயதிலும் வருகிறது, மூச்சுச் சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, எண்டோஸ்கோப்பி மலிவு. ஆனால் இருபத்தைந்து வயதுக்காரர் ஆண்டுக்கொருமுறை ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று குழாய் விட்டுக்கொள்வதை எந்த நாட்டு வழிகாட்டுதலும் ஆதரிக்காது. ஒருமுறை பார்த்து ஒன்றுமில்லை என்றானபின் இரண்டாம் முறை பார்ப்பதில் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு ‘ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’.

ஆபத்து குறைவுதான். நோயறிவதற்காக மட்டும் செய்யும்போது ஓட்டை விழுவது பல ஆயிரத்தில் ஒருவருக்கு. தூக்க ஊசியால் மூச்சு மந்தமாவதுதான் அதைவிட அடிக்கடி நேர்வது, அதனால்தான் விரலில் ஆக்சிஜன் மானி. நோயாளி கேட்க வேண்டிய கேள்வி, குழாயை எப்படிக் கழுவுகிறார்கள் என்பது. ஒருவருக்கு விட்டு எடுத்தவுடன் துடைத்து, கசிவு பார்த்து, உள் துளைகளைத் தூரிகையால் தேய்த்து, கிருமிநாசினியில் குறிப்பிட்ட நேரம் ஊறவைத்து, அலசி உலர்த்த வேண்டும். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஐந்து நிமிட இடைவெளியும், அறையில் ஒரே குழாயும் இருந்தால் இதில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

கடைசியாக அந்தத் தாள். துணுக்கு எடுத்திருந்தால் அன்று கையில் கிடைப்பது பாதி முடிவு. மீதி, நோய்க்கூறியல் அறையிலிருந்து சில நாள் கழித்து வரும். அதை வாங்க வராதவர்கள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு. வலி போய்விட்டது, ஏன் அலைய வேண்டும் என்று இருந்துவிடுகிறார்கள். முன்சிறுகுடல் புண்ணாக இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. அங்கே புற்று அபூர்வம். இரைப்பைப் புண் அப்படியல்ல. துணுக்கில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், மருந்து சாப்பிட்டு வலி நின்றிருந்தாலும், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி குழாய் விட்டு, புண் முழுதாக ஆறியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆறவில்லையென்றால் விளிம்பிலிருந்து மறுபடி துணுக்கு எடுக்க வேண்டும்.